இப்ராஹீம் மறைந்த அன்று

மதீனாவின் மேட்டுப் பகுதியில் ஒரு கொல்லர் வீடு இருந்தது. அக்கொல்லரின் பெயர் அபூஸைஃப். துருத்தி ஊதி ஊதி வீடெல்லாம் புகை மண்டிக் கிடக்கும். அந்தப் புகைக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி நுழைவார்கள். அங்கே செவிலித்தாயிடம் பால் குடித்து வளர்ந்துவந்த தம் குழந்தையை வாங்கி, முகர்ந்து முத்தமிட்டுவிட்டுத் திரும்புவார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் கண்ணால் கண்டு அறிவித்த செய்தி இது.

குழந்தையின் பெயர் இப்ராஹீம். தாயார் மிஸ்ரு நாட்டிலிருந்து வந்த மாரியா (ரலி) அவர்கள். கதீஜா நாயகி (ரலி) வயிற்றில் பிறந்த ஆண்மக்கள் காஸிம், அப்துல்லாஹ் இருவரும் சிறு பருவத்திலேயே மறைந்துவிட்டனர். பெண்மக்களில் ருகையா, ஸைனப், உம்மு குல்தூம் மூவரையும் மதீனாவிலேயே அடக்கம் செய்தாயிற்று. எஞ்சியிருந்தவர் ஃபாத்திமா (ரலி) ஒருவரே. இந்நிலையில், அறுபதை எட்டிய வயதில், அல்லாஹ் அருளிய ஆண்மகவு இப்ராஹீம். அம்மகவும் இரண்டு வயது நிறைவதற்குள் நோயுற்றுத் தந்தையின் மடியிலேயே மூச்சை விட்டது. நபிகளாரின் கண்கள் நீர் சொரிவதைக் கண்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), தாங்களுமா என்று வியந்து கேட்டபோது, இது இரக்கத்தின் வெளிப்பாடு என்று விடை கிடைத்தது. உள்ளம் நைந்தபோதும் இறைவனுக்குப் பொருந்தாத சொல் ஒன்றும் அந்த நாவிலிருந்து வரவில்லை. ஜன்னத்துல் பகீயில் குழந்தை அடக்கமாயிற்று.

அதே நாளில் சூரியன் ஒளி குன்றியது.

மதீனாவாசிகள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்று நாம் அவர்களைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. பூமியில் பெருமைக்குரிய ஒருவர் இறந்தாலன்றிச் சூரியன் மறையாது என்பது அறியாமைக் காலத்து அரபுகளின் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஊறியவர்கள், இப்ராஹீமுக்காகச் சூரியன் துக்கம் காக்கிறது என்று சொல்லிக்கொண்டனர். அன்பின் மிகுதியால் எழுந்த பேச்சு அது. முஃகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களின் அறிவிப்பு இதைத் தெளிவாகப் பதிந்து வைத்துள்ளது.

இவ்வாறு எண்ணியவர் அரபுகள் மட்டுமா? அஸ்ஸீரியப் பேரரசில் கிரகணம் மன்னனின் சாவுக்கு முன்னறிவிப்பு என்று கருதப்பட்டது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட எஸர்ஹத்தோன் என்னும் மன்னனின் காலத்தில், தீய கிரகணம் நேர்ந்தால் யாரோ ஓர் எளியவனைப் பிடித்து அரியணையில் அமர்த்தி, அரச உடை அணிவித்து, அந்தத் தீங்கு அவன் தலையோடு போகட்டும் என்று பின்னர் அவனைக் கொன்றுவிடும் வழக்கம் இருந்ததைக் களிமண் பலகைகள் காட்டுகின்றன. இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி 1133 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஏற்பட்ட கிரகணத்தை ஒட்டிக் கடல் கடந்து சென்றார், மீண்டு வரவில்லை. அந்தக் கிரகணமே அவர் சாவைச் சொல்லிவிட்டது என்று வரலாறு எழுதிய துறவிகள் குறித்தனர். மன்னர் இறந்ததோ 1135 டிசம்பரில்! இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருந்து பலித்த முன்னறிவிப்பு அது.

எல்லா நாட்டிலும் இந்தக் கதை அரசனுக்கு ஆதாயமாகவே முடிந்திருக்கிறது. என் சாவுக்கும் பிறப்புக்கும் வானம் அசைகிறது என்று நாடு நம்பினால் எந்த வேந்தன் மறுப்பான்? மதீனாவில் மறுப்பு எழுந்தது. மகனைப் புதைத்த ஈரம் கையில் உலராத தந்தையே அதனை மறுத்தார்கள். மௌனமாக இருந்திருந்தால் போதும். அந்தப் பேச்சு அரபகமெங்கும் பரவியிருக்கும். மாறாக, மக்களைத் திரட்டி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு என்றும், எவர் இறந்ததற்காகவும் எவர் வாழ்ந்ததற்காகவும் அவை மறைவதில்லை என்றும், அந்நிலையைக் காணும்போது தொழுகையிலும் துஆவிலும் ஈடுபட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். இறப்பை மட்டும் குறிப்பிட்டு நிறுத்தாமல் வாழ்வையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. சாவுக்குத்தான் இல்லை, பெரியார் பிறப்புக்கு உண்டு என்று பின்வருவோர் புகுந்துகொள்ள ஒரு சந்துகூட விடப்படவில்லை.

அன்று நிகழ்ந்த தொழுகையைப் பற்றிப் பலர் பலவாறு அறிவித்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அந்தக் காலைப்பொழுதே கண்முன் எழும். சூரியன் மங்கத் தொடங்கியதும் நபிகளார் மேலாடை தரையில் இழுபட விரைந்து பள்ளிக்குள் நுழைந்ததை அபூபக்ரா (ரலி) சொல்கிறார். பாங்கும் இகாமத்தும் இன்றி, அனைவரும் தொழுகைக்குத் திரளுங்கள் என்ற அழைப்பு மட்டும் விடுக்கப்பட்டதை அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) சொல்கிறார். முதல் நிலை அல்பகரா சூரா ஓதும் அளவுக்கு நீண்டது என்கிறார் இப்னு அப்பாஸ் (ரலி). ஸித்தீக் நாயகத்தின் மகளார் அஸ்மா (ரலி) தாமதமாக வந்து, மக்கள் ஏன் நிற்கிறார்கள் என்று தங்கை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்க, தொழுகையில் இருந்த தங்கை வாய் திறவாது வானை நோக்கிக் கையைக் காட்டினார். அஸ்மாவும் சேர்ந்து நின்றார். நின்று நின்று மயக்கமே வந்துவிட்டது. பக்கத்திலிருந்த தோல்பையின் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு மீண்டும் நின்றார். கிரகணத்தின்போது அடிமையை உரிமைவிடுமாறு ஏவப்பட்டதையும் அஸ்மாவே அறிவிக்கிறார். தொழுது முடிக்கையில் சூரியன் தெளிந்துவிட்டது.

இந்த அறிவிப்புகளுள் ஒன்று நமக்குப் பின்னால் மிகவும் பயன்படப் போகிறது. அன்று காலையில் நபிகளார் வாகனத்தில் ஏறி எங்கோ சென்றிருந்தார்கள் என்றும், சூரியன் மறையவே லுஹா நேரத்தில் திரும்பினார்கள் என்றும் ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். லுஹா என்பது சூரியன் உதித்து உயர்ந்த முற்பகல் வேளை. நேரத்தைக் குறித்த இந்த ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, அது எந்த நாள்?

வரலாற்றாசிரியர் வாகிதீ, இப்ராஹீம் மறைந்தது ஹிஜ்ரி 10, ரபீயுல் அவ்வல் பிறை 10 என்று எழுதினார். அவரிடமிருந்து அத்தேதி நூல் நூலாகப் பரவியது. இதில் ஒரு பெரும் இடர்ப்பாடு உண்டு. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்து நின்று அதன் நிழல் நம்மேல் விழுவதே சூரிய கிரகணம். சந்திரன் அவ்வாறு சூரியனோடு ஒட்டி நிற்பது மாதக் கடைசியில், பிறையே தென்படாத நாளில் மட்டும். சந்திரனின் பாதை ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் எல்லா மாதக் கடைசியிலும் கிரகணம் நேர்வதில்லை; நேர்ந்தால் மாதக் கடைசியில்தான் நேரும். பத்தாம் பிறையோ மாலை வேளையில் கிழக்கே உயர்ந்து நிற்பதை மொட்டை மாடியில் ஏறிப் பார்க்கும் சிறு பிள்ளையும் அறியும். சூரியன் ஒரு பக்கம், சந்திரன் எங்கோ மறு பக்கம். பத்தாம் பிறையில் சூரியனை மறைக்கச் சந்திரன் அங்கே இல்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் இது வெறும் வரலாற்றுக் கேள்வியாக நிற்கவில்லை. பெருநாளும் கிரகணமும் ஒரே நாளில் சேர்ந்தால் எந்தத் தொழுகையை முற்படுத்துவது என்ற வினாவை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே எழுப்பியிருக்கிறார்கள். நோன்புப் பெருநாள் பிறை ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாள் பிறை பத்து. இரண்டிலும் சூரிய கிரகணம் நேராதே என்று கணித நூலார் மறுப்புக் கூறினர். அதற்கு இமாம் நவவி (ரஹ்) போன்ற பெரியோர் பல விடைகள் தந்தனர். அல்லாஹ்வின் ஆற்றலுக்கு எல்லை இல்லை என்பது ஒன்று. இப்ராஹீம் மறைந்தது பிறை பத்தில் என்று அறிவிப்பு உள்ளதே என்பது மற்றொன்று. நடவாத ஒன்றையும் நடந்ததாக வைத்துச் சட்டம் ஆராய்வது மாணவர்க்குப் பயிற்சி என்பது வேறொன்று. இந்த மூன்றாவது விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. பெருநாள் பாடத்துக்கும் மழைத் தொழுகைப் பாடத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட கிரகணப் பாடத்தை மதரஸாக்களில் விரைந்து கடந்துவிடுவார்கள். இந்த ஒரு கேள்வி வரும்போதுதான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டமாஸ்கஸில் வாழ்ந்த இப்னு தைமிய்யா (ரஹ்) வேறு வழியில் சென்றார். மாதத்தின் இறுதியில்தான் சூரியன் மறையும், நிலவு நிறைந்த இரவுகளில்தான் சந்திரன் மறையும் என்பது அல்லாஹ் இயற்கையில் அமைத்த நியதி. பிறை முப்பதுக்கு மேல் போகாதது எப்படியோ அப்படியே இதுவும் என்றார். வாகிதீ அறிவிப்பாளர் தொடரோடு சொன்னாலே தயங்கவேண்டியிருக்க, தொடரின்றிச் சொன்ன தேதியை எப்படி ஏற்பது என்றும் கேட்டார். சோதிடத்தைக் கடுமையாகச் சாடியவர் அவர். பிறையைக் கணக்கால் முடிவுசெய்வதையும் ஏற்காதவர். அத்தகையவர் கிரகணக் கணிப்பு வேறு, நாள் பார்த்துக் குறி சொல்வது வேறு என்று பிரித்துணர்ந்தது பெரிய தெளிவு.

இருப்பினும் உண்மையான நாள் எது என்பதை அறிய மேலும் ஐந்து நூற்றாண்டுகள் ஆயின. எகிப்தில் மஹ்மூத் பாஷா என்றொரு வானியலறிஞர் இருந்தார். 1815-இல் பிறந்து 1885-இல் மறைந்தவர். வானியல் புலமையால் ஃபலகீ என்றே பெயர் பெற்றவர். 1860 ஜூலை 18-இல் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணச் சூடான் நாட்டு டோங்கோலா வரை சென்று ஆராய்ந்தவர். இஸ்லாத்துக்கு முந்திய அரபுகளின் நாட்காட்டி எத்தகையது என்ற ஆராய்ச்சியை அவர் 1858-இல் ஃபிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பின்னர் அது ‘நதாஇஜுல் அஃப்ஹாம்’ என்ற பெயரில் அரபியாயிற்று. மாதங்களை முன்னும் பின்னும் தள்ளிப்போடும் வழக்கம் இருந்த காலத்தில் நிகழ்ந்தவற்றை இன்றைய கணக்கோடு பிணைக்க அவருக்கு அசையாத ஓர் ஆணி தேவைப்பட்டது. அந்த ஆணி மதீனாவின் கிரகணம். ஆட்சிகள் மாறலாம், நாட்காட்டிகள் மாறலாம். சூரிய சந்திரர்களின் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் அந்த நாள் கிடைத்தே தீரும்.

கிடைத்தது. கி.பி. 632 ஜனவரி 27, திங்கட்கிழமை. ஹிஜ்ரிக் கணக்கில் 10-ஆம் ஆண்டு ஷவ்வால் பிறை 29. மதீனாவில் கிரகணம் மிகுந்திருந்த நேரம் காலை எட்டரை மணியளவு.

காலை எட்டரை! ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன லுஹா நேரம் அதுவே. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் போட்ட கணக்கும், அன்று தொழுகை வரிசையில் நின்ற ஓர் அம்மையாரின் நினைவும் ஒரே வேளையைச் சுட்டுகின்றன. கணிதம் வந்தால் ஹதீஸ் ஆட்டங்காணும் என்று அஞ்சுவோரும் உண்டு. ஹதீஸைக் கணிதத்தால் மடக்கலாம் என்று மகிழ்வோரும் உண்டு. இந்த வழக்கில் கணிதம் தள்ளுபடி செய்தது தொடரற்ற ஒரு தேதியை மட்டும். தொடர் சரியாக அமைந்த அறிவிப்புக்கு அது சாட்சியாக வந்து நின்றது.

அக்கணக்கு இன்னும் பலவற்றைத் தொடுகிறது. அந்தத் திங்களுக்கு 39 நாள் கழித்து, 632 மார்ச் 6-இல், அரஃபாத் பெருவெளியில் இறுதிப் பேருரை நிகழ்ந்தது. 133 நாள் கழித்து, ஜூன் 8-இல், அதுவும் ஒரு திங்கட்கிழமை, அண்ணலார் (ஸல்) இவ்வுலகைத் துறந்தார்கள். அந்த ஆணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே மஹ்மூத் பாஷா, நபிகளார் பிறந்தது கி.பி. 571 ஏப்ரல் 20, ரபீயுல் அவ்வல் பிறை 9 என்ற முடிவுக்கு வந்தார். அல்லாமா ஷிப்லி நுஃமானியும் தம் சீரத் நூலில் இதனை எடுத்துக்கொண்டார். நாம் பிறை 12-இல் மீலாது கொண்டாடுகிறோம். அந்த விவாதம் இக்கட்டுரைக்குள் அடங்காது.

கிரகணத் தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் எத்தனை ருகூஉ என்பதில் இரண்டு, மூன்று, நான்கு என்று அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நபிகளார் காலத்தில் இத்தொழுகை ஒரே முறை நடந்ததா, பல முறை நடந்ததா என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது. மதீனாவின் பத்தாண்டுகளில் அங்கே எத்தனை கிரகணங்கள் தெரிந்தன என்று வானியலார் கணக்கிட்டுச் சொன்னால் இந்தச் சிக்கல் தீருமே என்று, சென்ற நூற்றாண்டின் ஹதீஸ் மேதை அஹ்மத் முஹம்மத் ஷாகிர், இப்னு ஹஸ்மின் ‘அல்முஹல்லா’ நூலுக்கு எழுதிய குறிப்பில் ஏங்கினார். மஹ்மூத் பாஷாவின் நூலைக் கண்டு மகிழ்ந்து அத்தேதியை அங்கேயே பதித்தார். ஹதீஸ் ஆராய்ச்சியாளர் வானியலாரின் வாயிலில் நின்று கேட்ட அந்தக் காட்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு அடித்தளம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இட்டது. ஹிஜ்ரி 488-இல், அதாவது கி.பி. 1095-இல் அவர்கள் நிறைவுசெய்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ தத்துவவாதிகளைத் தகர்க்க எழுந்த நூல். அதன் முன்னுரையிலேயே கிரகணத்தை எடுத்துக்காட்டாக வைக்கிறார்கள். சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம், நமக்கும் சூரியனுக்கும் இடையே சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் என்னும் இவை ஐயத்துக்கு இடமில்லாத கணித முடிவுகள் என்கிறார்கள். மார்க்கத்துக்காக வாதாடுவதாக எண்ணி இவற்றை மறுப்பவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான். நேர்மையாக எதிர்ப்பவனால் வரும் தீங்கைவிட நெறி தவறி ஆதரிப்பவனால் வரும் தீங்கு பெரிது என்பது அவர்களின் தீர்ப்பு. கிரகண நேரம் முன்கூட்டியே தெரிந்தவனிடம் போய், இது மார்க்கத்துக்கு மாறானது என்றால் அவன் கணக்கைச் சந்தேகிக்கமாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான். எவர் இறப்புக்காகவும் கிரகணம் இல்லை என்ற ஹதீஸ் இந்த விளக்கத்தோடு எங்கே மோதுகிறது என்று கேட்டுவிட்டு, அதனோடு ஒட்டிவரும் ஒரு கூடுதல் வாசகத்தையும் எடுத்து, அது ஆதாரப்பூர்வமானதன்று என்று காட்டுகிறார்கள். தத்துவவாதிகளின் முதல் எதிரி என்று பெயர் வாங்கிய இமாமின் நூலில் இதைப் படிக்கும் மாணவன் ஒருகணம் திகைப்பான், திகைக்கட்டும்.

இமாம் கஸ்ஸாலிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கணக்கர்கள் பள்ளிவாசலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 977 டிசம்பர் 13-ஆம் நாள் காலையில் கெய்ரோவின் கராஃபா பகுதியில், அபூஜஃபர் அஹ்மத் இப்னு நஸ்ர் மக்ரிபீயின் பள்ளியில் அறிஞர் கூட்டமொன்று கிரகணம் பார்க்கத் திரண்டது. அவர்களுள் இப்னு யூனுஸும் ஒருவர். கிரகணம் தொடங்கியதை உணர்ந்தபோது சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைக்கு மேலும் பதினாறுக்குக் கீழுமாக இருந்தது. சூரிய விட்டத்தின் பன்னிரண்டு விரலில் எட்டு விரல் மறைந்தது. முற்றிலும் தெளிந்தபோது உயரம் முப்பத்து மூன்று பாகையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகமும். அக்காலத்தில் செகண்டு காட்டும் கடிகாரம் ஏது? சூரியனின் உயரத்தையே அவர்கள் கடிகாரமாக்கிக்கொண்டனர். இப்னு யூனுஸின் ‘ஸீஜ்’ நூலில் பக்தாதிலும் கெய்ரோவிலும் பார்த்த இத்தகைய கிரகணக் குறிப்புகள் பல உள்ளன. 1878-இல் அமெரிக்க வானியலார் சைமன் நியூகம் சந்திரனின் ஓட்டத்தை ஆராய அவற்றை எடுத்தாண்டார். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லத் தளர்வதையும், ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லி செகண்டு கூடிவருவதையும் கண்டறிய இன்றும் அந்தக் குறிப்புகள் உதவுகின்றன.

அதே தலைமுறையில் 997 மே மாதம், குவாரிஸ்மின் காஸ் நகரிலிருந்து இருபத்து மூன்று வயது அல்பிரூனியும், பக்தாதிலிருந்து முதியவர் அபுல் வஃபாவும் பேசிவைத்துக்கொண்டு ஒரே சந்திர கிரகணத்தைப் பார்த்தனர். சந்திர கிரகணம் எங்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஊர் நேரம்தான் வேறுபடும். இருவர் குறித்த நேரங்களின் வேறுபாடே இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தீர்க்கரேகை வேறுபாட்டைத் தந்துவிட்டது. இளமையில் சூரிய கிரகணங்களை நேராகப் பார்த்துத் தம் கண்பார்வை பலவீனப்பட்டதை அல்பிரூனியே எழுதியிருக்கிறார். அதற்குத் தக்க வழியை அவர் காலத்தவரான இப்னுல் ஹைஸம் கிரகண வடிவம் பற்றிய தம் சிறுநூலில் ஆராய்ந்தார்: சிறு துளை வழியே விழும் ஒளியில் சூரியன் பிறை வடிவாகத் தெரிவது ஏன் என்று. கிரகண வேளையில் வேப்பமர நிழலில் கிடக்கும் ஆயிரம் பிறைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நூலின் பொருள் உடனே விளங்கும்.

அல்பிரூனி பின்னர் இந்தியாவைப் பற்றி எழுதியபோது கிரகணத்துக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ராகு என்னும் பாம்பு விழுங்குவதாகச் சொல்லும் கதையை நம் சங்கப் புலவர்களும் உவமையாக ஆண்டுள்ளனர். ஆயினும் ஆரியபடர் கி.பி. 499-இலேயே நிழல்தான் காரணம் என்று எழுதிவிட்டார். வராகமிகிரரை அல்பிரூனி மனமாரப் பாராட்டுகிறார். பிரம்மகுப்தரிடம்தான் அவருக்கு வருத்தம். நிழலின் கணக்கைத் துல்லியமாகப் போடத் தெரிந்த பிரம்மகுப்தர், நூலில் ராகுவின் தலைக்கும் இடம் விட்டு வைத்தாரே, சாக்ரட்டீஸுக்கு நேர்ந்தது தமக்கும் நேரும் என்று அஞ்சினாரோ என்று பரிந்து பேசுகிறார். பிரம்மகுப்தர் அந்த நூலை எழுதியது கி.பி. 628, மதீனாவில் அந்த மறுப்பு ஒலித்ததற்கு நான்கே ஆண்டுகள் முன்பு.

நம் தமிழ்க் கணக்கரையும் விட்டுவிடலாகாது. 1825-இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், காகிதமும் எழுதுகோலும் இன்றி, தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் ‘காலசங்கலித’ நூலில் பதிந்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடம். நடுவிலும் முடிவிலும் பிழை கூடுதல்தான். என்றாலும் சோழியைக் கொண்டு நான்கு நிமிடத்துக்குள் நெருங்கியவரை என்னென்பது!

கணக்குத் தெரிந்த பிறகும் கற்பனை அடங்குவதில்லை. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) 720-இல் மறைந்தபோது கவிஞர் ஜரீர் பாடிய இரங்கற்பாவில் சூரியன் அழுகிறது. துயரத்தால் ஒளி மங்கியதால் பகலிலும் விண்மீன்களையும் சந்திரனையும் அதனால் மறைக்க இயலவில்லையாம். விண்மீன்கள் என்ற சொல்லின் இறுதி உயிர்க்குறி ஏன் அப்படி வந்தது என்பதை வைத்து நஹ்வு ஆசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக மாணவர்களை வாட்டி வருகிறார்கள். அது கவிதை, கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு. வரலாறாகச் சொல்லப்படும்போது நாம் விழிப்பாயிருக்க வேண்டும். இமாம் ஹுஸைன் (ரலி) கர்பலாவில் ஷஹீதான நாளில் சூரியன் மறைந்ததாகச் சில நூல்களில் அறிவிப்பு உண்டு. அந்த நாள் ஆஷூரா, பிறை பத்து. பாட்டனார் (ஸல்) தம் மகனுக்கு மறுத்த ஒன்றைப் பேரருக்கு நாம் சூட்டுவது எப்படி? அந்த ஷஹாதத்தின் துயரத்துக்குச் சூரியனின் சாட்சி தேவைப்படவில்லை.

நம் இல்லங்களுக்கு வருவோம். கிரகணம் என்றால் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் அடைப்பதும், அவள் கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பதும், தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்துவதும் நம்மவர் வீடுகள் சிலவற்றிலும் நடப்பவை. அண்டை வீட்டாரோடு கூடி வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்டவை இவை. அண்டை வீட்டார் பலர் விட்ட பின்னும் நாம் விடவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை நலிந்து பிறந்தால், கிரகணத்தன்று வெளியே வந்தாயே என்று மாமியார் வீட்டார் ஆயுள் முழுவதும் குத்திக்காட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். எவர் வாழ்வுக்காகவும் கிரகணம் இல்லை என்ற சொல்லில் அந்த வயிற்றுப் பிள்ளையும் அடக்கம் அல்லவா? மதீனாவில் அன்று பெண்கள் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. அஸ்மா (ரலி) தலையில் நீரூற்றிக்கொண்டு தொழுகையில் நின்றார்.

2010 ஜனவரி 15-இல், முஹர்ரம் மாத இறுதியில், கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் வளைய கிரகணம் தெரிந்தது. அது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ வேளையை ஒட்டியே அது உச்சம் கண்டது. நேரம் இடங்கொடுத்தால் கிரகணத் தொழுகையைச் சுருக்கமாக முற்படுத்தி, பிறகு ஜும்ஆ குத்பாவிலேயே கிரகணத்தைப் பற்றியும் பேசலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழி. 2019 டிசம்பர் 26-இல், ரபீயுல் ஆகிர் இறுதியில், கோவை, திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் மீண்டும் வளைய கிரகணம். இம்முறை லுஹா நேரம். ஹனஃபி மத்ஹபில் சூரிய கிரகணத்துக்கு வழக்கமான தொழுகை போலவே ரக்அத்துக்கு ஒரு ருகூஉ. சந்திர கிரகணத்துக்கு ஜமாஅத் இல்லை, தனித்துத் தொழுவர். ஷாஃபிஈயில் இரண்டுக்கும் ஜமாஅத் உண்டு. ரக்அத்துக்கு இரண்டு ருகூஉ. சந்திர கிரகணத்தில் சப்தமிட்டு ஓதுவர்.

2027 ஆகஸ்டு 2-ஆம் நாளுக்கு ஒரு முழுச் சூரிய கிரகணத்தை வானியலார் கணித்து வைத்திருக்கிறார்கள். ஸஃபர் மாத இறுதி, அதுவும் திங்கட்கிழமை. அதன் முழு நிழல் மக்கா நகரின் மீது, நண்பகல் சாய்ந்த பின், ஐந்து நிமிட அளவு தங்கிச் செல்லும். மதீனாவில் பகுதி மறைப்பு. தேதியும் நேரமும் இன்று எவர் கையிலும் இருக்கின்றன. நம் ஊரில் தெரியும் கிரகணங்களுக்கும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒரு வாரம் முன்பே அப்படி எழுதி வைக்கலாம். சூரியன் தெளிந்துவிட்டால் அத்தொழுகையின் நேரம் போய்விடும். அதற்குக் களா இல்லை.